குழாய்க்குக் கணக்கு இருக்கிறது, ஆற்றுக்கு இல்லை

வடசென்னையில், மணலியில் ஒரு தனியார் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கிற வேலை எனக்கு. தொழிற்சாலைகளில் இருந்து வரும் கழிவுநீர் சாம்பிளை வாங்கி பிஓடி, சிஓடி (அழுக்கு எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்பதன் இரண்டு அளவுகள்), எண்ணெய், அமோனியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அறிக்கை கொடுப்போம். வீடு எர்ணாவூரில். பகலில் எந்தத் தண்ணீரை எண்ணாகப் பார்க்கிறேனோ, அது போய்ச் சேருகிற இடத்தின் ஓரத்தில்தான் குடியிருக்கிறேன். எண்ணூர் கழிமுகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். முகத்துவாரத்தில் வலை போட்டே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் கடையில் பார்த்தபோது கேட்டார்: "லிமிட்டுக்குள்ள கீதுன்னு நீங்க பேப்பர்ல எழுதிக் குடுக்குறீங்கல்ல, அப்ப இறாலு எங்கம்மா போச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அறிக்கை பொய் இல்லை. இறால் இல்லை என்பதும் பொய் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்படிதான் நம் விதிமுறை அமைந்திருக்கிறது.

1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, ஆறு, கால்வாய் மாதிரி இடங்களில் விடும் கழிவுநீரில் பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோர நீரில் விடுவதாக இருந்தால் 100 வரை அனுமதி. பிஓடி என்பது, தண்ணீரில் இருக்கும் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும் என்பதன் அளவு. அது கூடக் கூட மீனுக்கு மிஞ்சுகிற மூச்சு குறையும். இன்னொரு பக்கம், மீன்பிடிக்கவும் குளிக்கவும் ஏற்ற கடலோர நீர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு தரம் வைத்திருக்கிறது. அதில் பிஓடி 3க்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 4க்குக் கீழே இறங்கக் கூடாது.

ஆக, குழாய் வாயில் 30, தண்ணீரில் 3. இந்த 30ஐ 3 ஆக்குகிற பொறுப்பு ஆற்றில் ஓடும் நல்ல தண்ணீருடையது. இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். ஆற்றில் ஏற்கெனவே பிஓடி 1 என்று வைத்துக்கொள்வோம். 30 உள்ள ஒரு லிட்டர் கழிவு 3 ஆக வேண்டுமென்றால் பதின்மூன்றரை லிட்டர் ஆற்று நீர் வேண்டும். ஆற்றில் ஏற்கெனவே 2.5 இருந்தால் 54 லிட்டர் வேண்டும். ஆற்றில் ஏற்கெனவே 3 இருந்தால்? எத்தனை லட்சம் லிட்டர் கலந்தாலும் ஆகாது. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு குழாயும், தன் லிமிட்டுக்குள் இருந்தாலும், ஆற்றைக் கெடுக்கத்தான் செய்யும்.

அனுமதி கொடுக்கும்போது இந்தக் கணக்கு வருவதில்லை. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஆலையும் தனித்தனியாக கன்சென்ட், அதாவது கழிவுநீரை விடுவதற்கான அனுமதி, வாங்குகிறது. தனித்தனியாக சாம்பிள் வருகிறது. தனித்தனியாக நாங்கள் அறிக்கை எழுதுகிறோம். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுதான் எல்லோருடைய பேச்சும். ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை கிலோ என்று அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, துறைமுகம், வீட்டுச் சாக்கடை எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டி, இந்தக் கழிமுகம் இவ்வளவுதான் தாங்கும் என்று எழுதி, அதை வைத்து அடுத்த அனுமதியைக் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு செய்த ஒரு கோப்பை இத்தனை வருஷ வேலையில் நான் பார்த்ததில்லை.

கிலோவில் பார்த்தால் படமே மாறிவிடும். 30 மில்லிகிராம் அளவில் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் விட்டால் 30 கிலோ பிஓடி. அதே ஆலை விரிவாக்கம் செய்து ஒரு கோடி லிட்டர் விட்டால் 300 கிலோ. அறிக்கையில் அப்போதும் இப்போதும் அதே 30தான் இருக்கும், இரண்டும் பாஸ். கழிவோடு நல்ல தண்ணீரைக் கலந்துவிட்டால் மில்லிகிராம் குறையும், கிலோ குறையவே குறையாது. இது வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எண்ணூருக்கு என்னென்ன வருகிறது என்று பாருங்கள். மேற்கிலிருந்து கொசஸ்தலையாறு. தெற்கிலிருந்து, நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு பக்கிங்காம் கால்வாய். நடுவில் புழல் உபரி நீர்க் கால்வாய் சடையங்குப்பம் பக்கமாக வந்து சேர்கிறது. கரைகளில் மணலியின் பெட்ரோலிய ஆலைகள், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள், 2001இல் திறந்த எண்ணூர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி. இவ்வளவையும் கரைத்து அனுப்ப வேண்டிய ஆற்று நீரோ, 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்திலேயே நகரத்தின் குடிநீருக்காக நின்றுவிடுகிறது. குடிநீர் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வடகிழக்குப் பருவமழை மாதங்களை விட்டால், நல்ல தண்ணீர் கழிமுகம் வரை வருவதே இல்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் இல்லையா? மேலே சொன்ன அந்தப் பதின்மூன்றரை லிட்டர் எங்கிருந்து வரும்?

கரைந்த ஆக்சிஜன் சோதனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 300 மில்லி பாட்டிலில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, அந்த இடத்திலேயே மாங்கனீசு சல்பேட்டும் அயோடைடு கரைசலும் விட்டு மூடி, தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்க வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் காபிப்பொடி நிறத்தில் ஒரு படிவு திரண்டு மெதுவாக இறங்கும். எவ்வளவு ஆக்சிஜனோ அவ்வளவு கருமை. ஆக்சிஜன் அறவே இல்லை என்றால் படிவு வெள்ளையாகவே இருக்கும், அதற்கப்புறம் டைட்ரேஷன் (கரைசலைத் துளித்துளியாக விட்டு அளப்பது) செய்யத் தேவையே இல்லை. பக்கிங்காம் கால்வாயில் எடுத்த பாட்டிலில் அந்த வெள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அடியில் பஞ்சு மாதிரி உட்கார்ந்திருந்தது. கூட வந்த புதுப் பையன், "மேடம், கெமிக்கல் கெட்டுப்போச்சா?" என்றான். கெமிக்கல் நன்றாகத்தான் இருந்தது.

எந்த நேரத்தில் சாம்பிள் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். அலுவலக நேரப்படி பத்தரை, பதினோரு மணிக்குப் போனால், வெயிலில் பாசி ஆக்சிஜனை உண்டாக்கிக்கொண்டிருக்கும். பாட்டிலில் 5, 6 என்று நல்ல எண் வரும். ராத்திரியில் அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடிவதற்கு முன்னால்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியற்காலையில் தெரிவதற்கு இதுதான் காரணம். நாள் முழுக்க நல்ல தண்ணீர் இருந்து என்ன, ஒரு மணி நேரம் மூச்சு நின்றால் மீன் போய்விடும். விடியற்காலை, கடல் நீர் இறங்குகிற வற்றம், அடித்தண்ணீர் இந்த மூன்றும் சேர்கிற நேரத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

சூடு ஒரு தனிப் பிரச்சினை. அனல்மின் நிலையங்கள் இயந்திரத்தைக் குளிர்விக்கத் தண்ணீரை எடுத்துச் சூடாகத் திருப்பி விடுகின்றன. கடல் நீரைப் பயன்படுத்தும், 1999 ஜூனுக்குப் பிறகு வந்த நிலையங்கள் விடும் நீரால், அது போய்ச் சேரும் நீரின் சூடு இயல்பைவிட 7 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்பது விதி. 7 டிகிரி சின்ன விஷயம் மாதிரி இருக்கும். நல்ல தண்ணீரிலேயே 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும், 35 டிகிரியில் 7தான். உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. அதே நேரம் சூடு ஏற ஏற நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும் வேகமும் மீனுக்கான ஆக்சிஜன் தேவையும் கூடும். கையிருப்பு குறைகிறபோதே செலவு ஏறுகிறது. பிஓடிக்கு ஒரு கட்டம், வெப்பத்துக்கு ஒரு கட்டம் என்று படிவத்தில் தனித்தனியாக இருக்கின்றன. மீன் இரண்டையும் ஒன்றாகத்தான் வாங்கிக்கொள்கிறது.

அப்புறம் சாம்பல். நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கம் உள்ள சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் அரித்துப் பல வருஷம் ஒழுகியதில் ஆற்றின் அடியில் சாம்பல் படிந்து, ஆள் ஆழம் இருந்த இடங்கள் முழங்கால் ஆழமாகிவிட்டன என்று காட்டுக்குப்பத்துக்காரர்கள் சொல்வார்கள். இதை வெறும் சாம்பல் பிரச்சினையாகப் பார்த்தால் பாதிதான் புரியும். ஆழம் குறைந்தால் ஏற்றத்தில் கடல் நீர் உள்ளே வருவது குறையும், வற்றத்தில் வெளியே போவதும் குறையும். சென்னைக் கடலில் ஏற்ற வற்ற வித்தியாசமே பெரிய பௌர்ணமி, அமாவாசையில் ஒரு மீட்டர் சுமாருக்குத்தான் வரும். அந்தக் கொஞ்சமும் தடைப்பட்டால் கழுவிவிட எதுவும் இல்லை. வருஷத்தின் பெரும் பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் முகத்துவாரத்தை வேறு அடைக்கிறது. "வாய் தொறந்தா ஆறு பொழைச்சிக்கும்" என்று அண்ணன் சொல்வது அனுபவப் பேச்சு. ஆனால் எங்கள் பாடத்தில் படிக்கிற நீர்ப் பரிமாற்றமும் அதுதான்.

உயிரினங்களிலும் மாற்றம் வந்துவிட்டது. காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்கிற கருப்புச் சிப்பி, தென், மத்திய அமெரிக்கக் கடற்கரைகளைச் சேர்ந்தது. கப்பல்கள் நிலைநிறுத்தத்துக்காக ஏற்றி வரும் தண்ணீரில் வந்திருக்கும் என்று கருதப்படுகிறது. ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி பரவி, இறால் புதைந்து வாழும் சேற்றையும் மஞ்சள் மட்டி இருந்த இடத்தையும் மூடிவிட்டது. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் விரலை அதன் ஓடு கிழிக்கிறது. இது எந்த ஆலையின் கழிவுநீர் அறிக்கையிலும் வராது. வளர்ச்சியோடு சேர்ந்து வந்த மாசு என்றே இதையும் எழுத வேண்டும்.

2023 டிசம்பரை இங்கே யாரும் மறக்க மாட்டோம். மிக்ஜாம் புயல் மழையில் மணலி வெள்ளக்காடாகி, வெள்ளத்தோடு எண்ணெய் கிளம்பி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எர்ணாவூர் வீடுகளுக்குள்ளும் கழிமுகத்துக்குள்ளும் வந்தது. சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கருப்புக் கோடு. படகு, வலை, அலையாத்திச் செடியின் வேர் எல்லாம் எண்ணெய். அதை மீனவர்களே வாளியிலும் மக்கிலும் அள்ளினார்கள். அந்த மாதமே, பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் அமோனியாக் குழாய் கசிந்து நடுராத்திரியில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் எண்ணெய்க் கசிவைத் தானாகவே வழக்காக எடுத்தது. நிவாரணம், குழு, ஆய்வு எல்லாம் வந்தன. வேண்டியதுதான். ஆனால் விபத்து நடக்காத மற்ற நாட்களில் அனுமதியோடு, ரசீதோடு, லிமிட்டுக்குள் வந்து சேர்வதை எந்தக் குழுவிடம் சொல்வது?

இதை வேறு ஊர்களில் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஜப்பானில் தோக்கியோ விரிகுடா, இசே விரிகுடா, செத்தோ உள்நாட்டுக் கடல் மூன்றும் தொழில் வளர்ச்சியில் நாறிப்போனபோது, குழாய் வாயில் மில்லிகிராம் பார்த்தால் போதாது என்று முடிவு செய்து, 1978இல் சட்டத்தைத் திருத்தி, மொத்தச் சுமைக் கட்டுப்பாடு என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். விரிகுடாவுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் இத்தனை டன் சிஓடிதான். அதை மாகாணங்களுக்கும், ஆலை, வீடு என்ற வகைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். நாளுக்கு 50 கன மீட்டருக்கு மேல் விடும் ஒவ்வொரு இடமும் தன் பங்கைக் காட்ட வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மொத்தத்தை இறக்கினார்கள். பின்னால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்தன. ஆலைகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன, சுமை பாதிக்கும் கீழே வந்தது. தோக்கியோ விரிகுடாவின் அடித்தண்ணீரில் கோடையில் ஆக்சிஜன் குறைவது இன்னும் தீரவில்லை. செத்தோ கடலிலோ சத்து ரொம்பக் குறைந்து, கடல்பாசி வளர்க்கிறவர்கள் பாசி வெளிறிப்போகிறது என்று முறையிட, 2021இல் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். அளவுக்கு மேல் குறைத்துவிட்டோமா என்று கேட்கிற நிலைக்கு வந்தார்கள் என்றால், அது தொடர்ந்து கணக்கு வைத்திருந்ததால்தான்.

இன்னொன்று சீனாவின் சியாமென். 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்த துறைமுக நகரம். அங்கே யுன்டாங் என்ற உட்கடலை 1970களில் கரை போட்டு அடைத்தார்கள், நகரம் வளர்ந்தது, சாக்கடை நிரம்பியது, மீன் போய்விட்டது. 1988இல் வேலையைத் தொடங்கியபோது சாக்கடையை மறித்துச் சுத்திகரிப்புக்குத் திருப்பினார்கள், சேற்றை அள்ளினார்கள். அதோடு நிற்காமல் மதகு வைத்து, ஏற்றத்தில் கடல் நீரை உள்ளே விட்டு வற்றத்தில் வெளியே விட்டார்கள். அலையாத்தி நட்டார்கள். கொக்குகள் திரும்பி வந்தன. சுமையைக் குறைப்பது, நீரை ஓட விடுவது, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். எண்ணூரில் நாம் சுமையையும் ஏற்றி, வாயையும் அடைத்து வைத்திருக்கிறோம்.

ஆலைகளை மூடச் சொல்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. என் சம்பளம் அந்த ஆலைகள் ஓடுவதால் வருகிறது, எங்கள் தெருவில் பாதி வீட்டுச் சம்பளமும் அப்படித்தான். செய்ய முடியும் என்பதற்கு இங்கேயே உதாரணம் இருக்கிறது. கொடுங்கையூரில் 2019இல் திறந்த மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலை, நகரத்துச் சாக்கடை நீரை ஆர்ஓ வரை சுத்தம் செய்து ஒரு நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர் அளவுக்கு மணலி ஆலைகளுக்குக் கொடுக்கும்படி கட்டப்பட்டது. அந்தச் சாக்கடைக்கு ஒரு வேலை கிடைத்தது, ஆலைகளுக்காகக் குடிநீரை எடுப்பதும் குறைந்தது. சிக்கல் என்னவென்றால், இந்த நல்ல காரியத்தால் கழிமுகத்தின் சுமை எத்தனை கிலோ குறைந்தது என்று எழுதி வைக்க ஓர் ஏடு இல்லை. ஏடு இல்லாததால், குறைந்த இடத்தில் வேறொருவர் புதுக் குழாயை இறக்கினாலும் தெரியாது.

2009இல் மத்திய வாரியம் நாடு முழுக்க தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு போட்டபோது, மணலி மிகக் கடுமையாக மாசடைந்த பட்டியலில் வந்தது. 2010 ஜனவரியில் அந்தப் பட்டியலில் இருந்த 43 இடங்களிலும் புதுத் திட்டங்களுக்குத் தற்காலிகத் தடை போட்டார்கள், செயல்திட்டம் எழுதினார்கள், பிறகு தடை போய்விட்டது. மதிப்பெண் போடுவதும் ஒரு கணக்குதான், ஆனால் அதை வைத்து அடுத்த ஆலைக்கு எத்தனை கிலோ மீதி இருக்கிறது என்று சொல்ல முடியாது.

என்ன செய்யலாம் என்று அண்ணன் கேட்டார். நம்மால் செய்யக்கூடிய ஒன்றைச் சொன்னேன். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் பேசுவதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பில் ஏறி, திட்டத்தை ஆய்வு செய்யும் குழுவுக்குப் போகும். எண்ணூர், காட்டுப்பள்ளி, மணலி பக்கம் எந்தத் திட்டத்துக்குக் கூட்டம் வந்தாலும், மற்ற பேச்சோடு இந்தக் கேள்விகளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்:

"இந்தக் கழிமுகத்துக்கு இன்றைக்கு எல்லாக் குழாய்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பிஓடி, எத்தனை கிலோ அமோனியா வருகிறது? கோடையில், விடியற்காலை வற்றத்தில், அடித்தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு? உங்கள் திட்டம் வந்தபின் இந்த மூன்று எண்களும் என்னவாகும்?"

அண்ணன் அதை என்னிடம் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார். அமோனியா, பிஓடி இரண்டையும் மட்டும் கொட்டை எழுத்தில் போடச் சொன்னார், படித்துக் காட்டும்போது தடுமாறக் கூடாதாம்.